கழுத்துல ஒரு நெறி: எச்.ஐ.வி.யும் லிம்ஃபோமாவும், ஒரு ஹாஸ்டல் அலமாரியும்

"அண்ணா, கழுத்துல நெறி கட்டியிருக்கு. மூணு வாரமா போகவே மாட்டேங்குது."

செகண்ட் இயர்ல என்.எஸ்.எஸ். மூலமா சனிக்கிழமை தோறும் பத்தாவது பசங்களுக்கு கணக்கு சொல்லிக்கொடுக்கப் போயிட்டிருந்தேன். அதுல ஒருத்தன்தான் இப்படி போன் பண்ணினான். அப்போ அவன் பாலிடெக்னிக் முதல் வருஷம், ஹாஸ்டல் வாசம். நெறிதானே, எனக்கும் தொண்டை வலி வந்தா கட்டும், வெந்நீர்ல உப்பு போட்டு கொப்பளிடான்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். அவனுக்குப் பிறப்புலேர்ந்தே எச்.ஐ.வி. இருக்குங்கற விஷயம் எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வேற மாதிரி சொல்லியிருப்பேனான்னு சந்தேகம்தான். எச்.ஐ.வி.க்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருக்குன்னே எனக்குத் தெரியாதே.

இந்தக் கட்டுரையை அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேரு போடல, ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியிருக்கேன். நான் மெக்கானிக்கல் பையன், டாக்டர் இல்ல. ஆனா அந்த போனுக்கு அப்புறம் ஆறு மாசம் இதைப் பத்திப் படிச்சதும், டாக்டர்கள்கிட்ட கேட்டதும்தான் இதுல இருக்கு.

முதல்ல நெறின்னா என்னன்னு பார்ப்போம். நம்ம உடம்புல ரத்தக்குழாய் மாதிரியே நிணநீர்க் குழாய்னு இன்னொரு பைப்லைன் ஓடுது. அந்த லைன்ல அங்கங்க ஃபில்டர் மாதிரி உட்கார்ந்திருக்கறது நிணநீர் முடிச்சு. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயித்துக்குள்ள, நெஞ்சுக்குள்ள எல்லா இடத்துலயும் இருக்கு. கிருமி வந்தா அந்த முடிச்சுக்குள்ள இருக்கற வெள்ளை அணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும். அதைத்தான் நம்ம வீட்டுல நெறி கட்டறதுன்னு சொல்றாங்க. பெரும்பாலும் அது தானா அடங்கிடும். அதனால இதைப் படிச்சுட்டு இன்னிக்கு ராத்திரி கழுத்தைத் தடவிப் பார்த்து பயப்பட வேண்டாம்.

அந்த முடிச்சுக்குள்ள இருக்கற அணுக்களே கட்டுப்பாடில்லாம பெருக ஆரம்பிச்சா அதுக்குப் பேர் லிம்ஃபோமா. பெரிய பிரிவு ரெண்டு: ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது. ரெண்டாவதுக்குள்ள பர்கிட் லிம்ஃபோமா, பெரிய பி அணு லிம்ஃபோமான்னு பல வகை. இந்த ரெண்டு பிரிவும் எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு மத்தவங்களை விட அதிகமா வருது. சிகிச்சை நல்லா கிடைக்கற அமெரிக்காவுலயே பெரியவங்களைக் கணக்கெடுத்தப்போ, ஹாட்ஜ்கின் அல்லாத வகை பத்து மடங்குக்கும் மேல, ஹாட்ஜ்கின் ஏழெட்டு மடங்கு.

'பத்து மடங்கு'ன்னு படிச்சதும் எனக்கும் வயித்தைக் கலக்குச்சு. அப்புறம்தான் ப்ராபபிலிட்டி வகுப்பு ஞாபகம் வந்தது. எதோட பத்து மடங்கு? பதின்வயசுல லிம்ஃபோமா ரொம்ப அபூர்வம், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்ல சில பேருக்குத்தான் வரும். அதைப் பத்தால பெருக்கினாலும் பத்தாயிரம் பேர்ல சில பேர்தான். அதாவது எச்.ஐ.வி.யோட வளர்ற பெரும்பாலான பசங்களுக்கு இது வரவே வராது. ஆனா அந்தச் சிலபேர் யாரா இருக்க வாய்ப்பு அதிகம்ங்கறது முழுக்க அதிர்ஷ்டம் இல்ல. அதுல நம்ம கைல இருக்கற காரணமும் இருக்கு.

எச்.ஐ.வி.யும் லிம்ஃபோமாவும் எங்க சந்திக்குதுன்னு புரிஞ்சுக்க ஒரு பழைய கதைக்குப் போகணும். இந்தச் சப்ஜெக்ட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

1957. உகாண்டா தலைநகர் கம்பாலாவுல முலாகோ மருத்துவமனை. டெனிஸ் பர்கிட்னு ஒரு அயர்லாந்து சர்ஜன். சின்ன வயசுல விபத்துல ஒரு கண் போனவர். தாடை ரெண்டு பக்கமும் வீங்கின ஒரு பையனைப் பார்க்கறார். கொஞ்ச நாள்ல வேற ஊர்ல அதே மாதிரி இன்னொரு குழந்தை. ஏதோ பொதுவான காரணம் இருக்கணும்னு தோணுது. 1961-ல ரெண்டு நண்பர்களோட ஒரு பழைய ஃபோர்டு கார்ல கிழக்கு ஆப்பிரிக்கா வழியா சுமார் 10,000 மைல் சுத்தறார், ஒவ்வொரு மருத்துவமனையிலயும் இந்தக் கட்டி இருக்கா, இல்லையான்னு கேட்டு மேப்ல குறிக்கறார். மழையும் வெப்பமும் அதிகமா இருக்கற தாழ்வான பகுதியில கட்டி இருக்கு, குளிரான மலைப்பகுதியில இல்ல. மலேரியா பரவற பகுதியோட மேப்பும் இதுவும் கிட்டத்தட்ட ஒண்ணா உட்காருது.

அதே 1961 மார்ச்சுல லண்டன்ல அவர் ஒரு லெக்சர் கொடுக்கறார். கேட்க வந்தவங்கள்ல ஆண்டனி எப்ஸ்டீன்னு ஒரு இளம் விஞ்ஞானி. இடத்தைப் பொறுத்து வர்ற புற்றுநோய்னா கிருமி காரணமா இருக்கலாம்னு அவருக்குப் பொறி தட்டுது. உகாண்டாவுலேர்ந்து கட்டியோட துண்டுகளை விமானத்துல வரவழைச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல தேடறார். ரெண்டு வருஷம் ஒண்ணுமே கிடைக்கல. 1963 டிசம்பர்ல ஒரு நாள் லண்டன்ல பனிமூட்டம், விமானத்தை மான்செஸ்டருக்குத் திருப்பிடறாங்க. சாம்பிள் லேட்டா வந்து சேருது, திரவம் கலங்கிப் போயிருக்கு. பாக்டீரியா வந்து கெட்டுப்போச்சுன்னு கொட்டியிருக்கணும். அவர் கொட்டாம ஒரு துளியை மைக்ராஸ்கோப்ல பார்த்தா, கலங்கலுக்குக் காரணம் கட்டியிலேர்ந்து பிரிஞ்சு மிதக்கற உயிருள்ள அணுக்கள். அதை வளர்த்து 1964-ல பார்த்தப்போ உள்ள ஒரு புது வைரஸ். எப்ஸ்டீனும், கூட வேலை பார்த்த ஈவான் பார், பெர்ட் அச்சோங்கும் சேர்ந்து வெளியிட்டாங்க. மனுஷனுக்குப் புற்றுநோயோட சம்பந்தப்பட்டதா கண்டுபிடிச்ச முதல் வைரஸ் அது: எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமா ஈ.பி.வி. (லேப்ல ரீடிங் தப்பா வந்தா உடனே அழிக்காதீங்கன்னு எங்க சார் சொல்றதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது.)

இப்போ அடுத்த விஷயம். ஈ.பி.வி. உங்களுக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. உலகத்துல பெரியவங்கள்ல தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல இருக்கு. எச்சில் வழியா சின்ன வயசுலயே வந்து, ஆன்டிபாடி தயாரிக்கற பி அணுக்களுக்குள்ள போய் ஆயுசுக்கும் தூங்கிட்டிருக்கும். அப்புறம் ஏன் நம்ம எல்லாருக்கும் புற்றுநோய் வரல?

ஒரு பி அணு பெருகணும்னா அதுக்கு ரெண்டு சிக்னல் வேணும். ஒண்ணு, அது தேடற கிருமி வந்து அதோட ரிசெப்டர்ல ஒட்டணும். ரெண்டு, டி அணு வந்து 'சரி, பெருகிக்கோ'ன்னு அனுமதி கொடுக்கணும். நம்ம வொர்க்‌ஷாப்ல பவர் ப்ரெஸ்ஸை ரெண்டு கையாலயும் பட்டனை அமுக்கினாத்தான் இறங்கற மாதிரி வெச்சிருப்பாங்க இல்லையா, அதே ஏற்பாடு. ஈ.பி.வி. என்ன பண்ணுதுன்னா, இந்த ரெண்டு சிக்னலையும் போலியா கொடுக்கற ரெண்டு புரதத்தை வெச்சிருக்கு. ரெண்டு பட்டனையும் டேப் போட்டு ஒட்டின மாதிரி. அணு பெருகிட்டே போகும்.

ஆனா நம்ம உடம்புல ரோந்து போற டி அணுக்கள் இப்படி மாட்டின பி அணுவைக் கண்டுபிடிச்சு கொன்னுடும். தினமும் நடக்குது இது, நமக்குத் தெரியவே தெரியாது.

எச்.ஐ.வி. அடிக்கறது இந்த இடத்துலதான். அது நேரடியா பி அணுவைப் புற்றுநோயா மாத்தறது இல்ல. சி.டி.4-ங்கற டி அணுக்களைக் கொல்லுது. ரோந்துப் படைக்கு உத்தரவு கொடுக்கற அதிகாரிகள் அவங்கதான். அவங்க குறைஞ்சா ரோந்து தளர்ந்து போகுது, ஈ.பி.வி. மாட்டின அணுக்கள் தப்பிக்குது.

இது பாதிதான். இன்னொரு பாதியும் இருக்கு. கட்டுப்படுத்தாத எச்.ஐ.வி. ரத்தத்துல ஓடிட்டே இருந்தா, பி அணுக்கள் ஓய்வே இல்லாம வேலை பார்த்துட்டே இருக்கும். பி அணு வேலை பார்க்கற விதமே கொஞ்சம் ஆபத்தானது. நல்லா ஒட்டற ஆன்டிபாடி செய்யறதுக்காக அது தன்னோட டி.என்.ஏ.வைத் தானே வெட்டி மாத்தும், அதுக்குன்னே ஒரு என்சைம் இருக்கு. உடம்புல வேற எந்த அணுவும் வழக்கமா இப்படிப் பண்றதில்ல. ஓடிட்டிருக்கற சர்வர்ல நேரா கோடை எடிட் பண்ற மாதிரி. எடிட் எண்ணிக்கை கூடக் கூட தப்பும் கூடும். பர்கிட் லிம்ஃபோமாவுல நடக்கற தப்பு ரொம்ப பிரபலம்: 8-வது குரோமோசோம்ல இருக்கற மிக்-ங்கற வளர்ச்சி ஜீன் வெட்டுப்பட்டு, பெரும்பாலும் 14-வது குரோமோசோம்ல ஆன்டிபாடி ஜீனுக்குப் பக்கத்துல போய் ஒட்டிக்குது. ஆன்டிபாடி ஜீன் பி அணுவுல எப்பவும் ஆன்ல இருக்கற இடம். அதனால வளர்ச்சி ஜீனும் எப்பவும் ஆன். அந்தக் கட்டி ஒண்ணு ரெண்டு நாள்லயே இரட்டிப்பாகக்கூடிய வேகம் அப்படி வந்ததுதான்.

இந்த ரெண்டாவது பாதி ஏன் முக்கியம்னா, சி.டி.4 எண்ணிக்கை ஓரளவு நல்லா இருந்தாலும் லிம்ஃபோமா வரலாம். மூளையில வர்ற வகை சி.டி.4 ரொம்பக் கீழ போனாத்தான் வரும். பர்கிட்டும் ஹாட்ஜ்கினும் அப்படி இல்ல, எண்ணிக்கை சுமாரா இருக்கும்போதே வந்துடும். அதனால 'சி.டி.4 முந்நூறு இருக்கே, பரவாயில்ல'ன்னு நெறியைத் தள்ளிப்போட முடியாது.

இதுல பதின்வயசுப் பசங்களோட நிலைமை தனி. 10-லேர்ந்து 19 வயசுக்குள்ள எச்.ஐ.வி.யோட இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு அது பிறக்கும்போதோ தாய்ப்பால் வழியாவோ வந்தது. பெரியவர் ஒருத்தர் இருபத்தஞ்சு வயசுல எச்.ஐ.வி.க்கு ஆளானா, அதுக்கு முன்னாடியே அவர் உடம்பு ஈ.பி.வி.யை அடக்கக் கத்துக்கிட்டிருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு ரெண்டு வைரஸும் நோய் எதிர்ப்பு முழுசா உருவாகறதுக்கு முன்னாடியே வந்துடுது. சிகிச்சை தொடங்கினது லேட்டுன்னா, வைரஸ் கட்டுப்பாடில்லாம ஓடின வருஷங்கள் எல்லாம் கணக்குல சேரும். இந்தியாவுல முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடிச்சதே நம்ம சென்னையிலதான், 1986-ல, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். ஆனா அரசாங்கம் இலவசமா ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல்ல. குழந்தைகளுக்குன்னு தனித் திட்டம் 2006-ல. சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் உடனே மாத்திரைங்கற விதி 2017-லதான் வந்தது. நம்ம பையன் அஞ்சு வயசுல சிகிச்சைக்குள்ள வந்தான். அதுக்கு முந்தின அஞ்சு வருஷம் அவன் கைல இல்ல.

ஆனா பதினஞ்சு வயசுக்கு அப்புறம் நடக்கறது வேற. சின்ன வயசுல அம்மாவோ பாட்டியோ மாத்திரையைக் கையில கொடுத்துடுவாங்க. ஹாஸ்டலுக்கு வந்தா யாரு கொடுப்பா?

அவனோட மாத்திரை ஒரு நாளைக்கு ஒண்ணுதான், ராத்திரி. மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, பெரிய தொந்தரவு இல்ல. பிரச்சினை டப்பா. முப்பது மாத்திரை இருக்கற பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தா கிலுகிலுன்னு சத்தம் வரும். நாலு பேர் தங்கற ரூம். முதல் வாரமே ஒருத்தன் 'என்னடா அது, டெய்லி போடற?'ன்னு கேட்டிருக்கான். 'சத்து மாத்திரை'ன்னு சொல்லியிருக்கான். அப்புறம் டப்பாவுக்குள்ள பஞ்சு அடைச்சு வெச்சான். அப்புறம் ரூம்ல யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டான். ஹாஸ்டல்ல யாரும் இல்லாத நேரம்னு ஒண்ணு ஏது? அப்புறம் ஊருக்குப் போறப்ப மட்டும். எட்டு மாசம். மருந்து வாங்கப் போற மையத்துல 'ஒழுங்கா போடறேன்'னுதான் சொல்லிட்டிருந்திருக்கான்.

இதை அவன் சொன்னப்போ எனக்கு முதல்ல வந்தது கோபம். அப்புறம் எங்க ஹாஸ்டலை நினைச்சுப் பார்த்தேன். ஒருத்தனோட தோல் வியாதி மருந்தை எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டு ஒரு வாரம் ஓட்டினவங்க நாங்க. நானும் சிரிச்ச எமோஜி போட்டிருக்கேன். அந்த ரூம்ல நான் இருந்திருந்தா டப்பாவைப் பத்திக் கேட்டவன் நானாத்தான் இருந்திருப்பேன்.

இனி அந்த நெறி. பக்கத்து கிளினிக்ல ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, அடங்கல. வேற ஒரு இடத்துல ஊசி குத்தி டெஸ்ட் எடுத்து டி.பி.யா இருக்கலாம்னு மாத்திரை ஆரம்பிச்சாங்க. இதை முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. நம்ம நாட்டுல, அதுவும் எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு, கழுத்துல ஆறாத நெறின்னா முதல் சந்தேகம் டி.பி.தான், பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். சிக்கல் என்னன்னா ரெண்டும் ஒரே மாதிரி நடிக்கும். சாயங்காலக் காய்ச்சல், படுக்கை நனையற அளவுக்கு ராத்திரி வேர்வை, எடை குறையறது, ரெண்டுலயும் உண்டு. டி.பி. மருந்து தொடங்கினப்புறம் நெறி கொஞ்ச நாள் பெருசாகறதும் நடக்கும். அதனால 'பெருசாகுதே'ன்னு கேட்டா 'பொறுங்க'ன்னு பதில் வரும்.

ஊசி டெஸ்ட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கு. ஹாட்ஜ்கின் கட்டியில உண்மையான புற்று அணு நூத்துல ஒண்ணு அளவுக்குத்தான் இருக்கும். மீதி எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடின சாதாரண அணுக்கள். மெல்லிசான ஊசியில உறிஞ்சற சில துளியில அந்த ஒண்ணு வராமப் போகலாம். அப்படியே வந்தாலும் முடிச்சோட முழு அமைப்பும் தெரியாது. ஒரு முடிச்சை முழுசா வெட்டி எடுத்து பயாப்ஸி பண்ணினாத்தான் உறுதியா சொல்ல முடியும். லோக்கல் அனஸ்தீசியாவுல முடியற சின்ன ஆபரேஷன்தான் பெரும்பாலும். அவனுக்கு அது நடக்கறதுக்குள்ள மூணரை மாசம் ஓடிடுச்சு. டி.பி. மாத்திரை ரெண்டு மாசம் போட்டும் நெறி பெருசாகி, காலர் எலும்புக்கு மேலயும் ஒண்ணு வந்தப்புறம், மருந்து வாங்கற மையத்து டாக்டர் பார்த்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரிசல்ட்: ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா.

எப்போ சும்மா இருக்கக்கூடாதுன்னு அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன். வலி இல்லாம, ரப்பர் மாதிரி, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல, நாலு வாரம் தாண்டியும் அடங்காத நெறி. காலர் எலும்புக்கு மேல வர்ற நெறின்னா காத்திருக்கவே கூடாது. காரணமில்லாத காய்ச்சல், ராத்திரி வேர்வை, ஆறு மாசத்துல பத்துல ஒரு பங்கு எடை குறையறது. டி.பி.ன்னு உறுதியாகாம மருந்து தொடங்கியிருந்து, சில வாரத்துல குணம் தெரியலன்னா 'பயாப்ஸி எடுக்கலாமா டாக்டர்'னு வாய்விட்டுக் கேட்கணும். இது எச்.ஐ.வி. இல்லாதவங்களுக்கும் பொருந்தும்.

சிகிச்சை பத்தி ஒரு விஷயம். கீமோ கொடுக்கும்போது எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அவன் அம்மாவும் அப்படித்தான் நினைச்சாங்க. நிறுத்தக்கூடாது. ரெண்டும் சேர்ந்து போகணும். ஆனா எந்த எச்.ஐ.வி. மருந்துங்கறது முக்கியம். ரிடோனாவிர் மாதிரி மருந்து கல்லீரல்ல கீமோ மருந்தை உடைக்கற என்சைமைத் தடுத்துடும். அப்போ வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் மாதிரி கீமோ மருந்து உடம்புல தேங்கி நரம்பையும் ரத்த அணுக்களையும் பாதிக்கும். ஜிடோவுடின்னா எலும்பு மஜ்ஜையில கீமோவோட சேர்ந்து அடிக்கும். இப்போ கொடுக்கற டோலுடெக்ராவிர் இந்த மோதல்ல பெருசா மாட்டறதில்ல. அதனால புற்றுநோய் டாக்டருக்கு எச்.ஐ.வி. விஷயம் தெரிஞ்சே ஆகணும், மறைச்சா மருந்தே எதிரியாகிடும். ரெண்டு சிகிச்சையும் ஒழுங்கா சேர்ந்து நடந்தா, ஹாட்ஜ்கின்ல எச்.ஐ.வி. இருக்கறவங்களும் மத்தவங்களுக்குக் கிட்டத்தட்ட சமமா குணமாகறாங்க.

ஆரம்பத்துலயே வைரஸை அடக்கி வெச்சா ஆபத்து எவ்வளவு குறையும்? 2015-ல வெளியான ஸ்டார்ட் ஆய்வுல, சி.டி.4 ஐநூறுக்கு மேல இருந்த பெரியவங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு உடனே மருந்து, இன்னொண்ணுக்கு எண்ணிக்கை குறைஞ்சப்புறம். உடனே தொடங்கினவங்களுக்கு லிம்ஃபோமா உட்பட கிருமி சம்பந்தப்பட்ட புற்றுநோய்கள் தெளிவா குறைஞ்சது. பூஜ்யமாகல, ஆனா குறைஞ்சது. அந்த டப்பாவுல இருக்கற ஒரு மாத்திரை எச்.ஐ.வி.க்கு மட்டும் இல்லைன்னு அவனுக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். அவன்கிட்ட எப்பவும் 'மறக்காம போடு'ன்னுதான் சொல்லியிருக்காங்க, எதுக்குன்னு சொன்னதில்ல. தனக்கு என்ன வியாதின்னே அவனுக்குப் பதிமூணு வயசுலதான் தெரியும்.

சட்டம் பத்தியும் சொல்லிடறேன். 2017-ல நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமல்ல இருக்கற எச்.ஐ.வி. சட்டப்படி, எச்.ஐ.வி. இருக்குன்னு ஒருத்தருக்கு கல்லூரியிலயோ தங்கற இடத்துலயோ பாகுபாடு காட்டக்கூடாது, அவர் சம்மதம் இல்லாம விஷயத்தை வெளிய சொல்லவும் கூடாது. ஒரே ரூம்ல தங்கறதாலயோ, ஒரே தட்டுல சாப்பிடறதாலயோ பரவாதுங்கறது உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் டப்பாவைப் பார்த்தா நாம என்ன பண்ணுவோம்ங்கறதுதான் கேள்வி.

போன மாசம் அவனோட ஆறாவது சைக்கிள் கீமோ முடிஞ்சது. ஸ்கேன்ல முடிச்சுகள் சுருங்கியிருக்கு, இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்து பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க. ஒரு செமஸ்டர் போச்சு. வர்ற ஜூன்ல திரும்பச் சேர்றான், ஹாஸ்டல் வேண்டாம், வீட்டுலேர்ந்து பஸ்லயே போயிக்கறேன்னு முடிவு பண்ணியிருக்கான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பயணம். போன வாரம் போன் பண்ணி இன்டக்ரேஷன் நோட்ஸ் கேட்டான். பேசிட்டிருக்கும்போது பின்னாடி கிலுகிலுன்னு சத்தம் கேட்டுது. ஒன்பது மணி ஆயிடுச்சு அண்ணா, ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு தண்ணி குடிக்கப் போனான்.